பூசைக்கு அணைத்த சர்வர்

பயப்படத் தெரியாதவர்கள் சர்வர் வேலைக்கு வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள். ‘மேடத்துக்குத் தொட்டதுக்கெல்லாம் பயம்’ என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். பேசட்டும். ஃபிளாப்பி காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். இன்றைக்கும், மெஷினை அணைத்து எழுப்பும் ரீபூட் கமாண்டைத் தட்டிவிட்டு என்டரை அழுத்தும்போது எனக்குப் பயம்தான். ஏன் என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் வடிவு. எந்தக் கம்பெனியிலும் நான் சம்பளத்துக்கு இல்லை. வண்ணார்பேட்டை, தச்சநல்லூர் பக்கம் இருக்கிற சின்னச் சின்ன ஆபீஸ்களின் சர்வர்களைக் காண்ட்ராக்டில் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஜவுளிக்கடை, லாரி ஆபீஸ், மருந்து மொத்த வியாபாரம், இப்படி. இவை நின்றால் எனக்குத் திட்டு விழும், அவ்வளவுதான். சுடலைமுத்து அண்ணாச்சியின் சர்வர் மட்டும் வேறு ஜாதி. அது நின்றால் ஆள் உயிருக்கு ஆபத்து. இது எனக்குத் தெரியும்தான். ஆனால் வாயளவில்தான் தெரியும், அந்த ஆயுத பூசை வரைக்கும்.

சோற்றில் கை வைத்த நேரம்

முதலில் அண்ணாச்சியின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கிருந்து மீன்பிடிக்கப் போகும் வள்ளங்கள் கடலில் எங்கே நிற்கின்றன என்று காட்டும் கருவியை அவர் போட்டுக் கொடுத்திருந்தார். வள்ளத்துக்கு ஒரு டப்பா. அது தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஊரில் கோயிலை ஒட்டி ஒரு உயரமான கம்பம். அந்த ஊரில் கோயில் என்றால் மாதா கோயில். கம்பத்தின் உச்சியில் இருக்கும் பெட்டி, வள்ளங்கள் சொல்வதை வாங்கி, இன்டர்நெட் வழியாகத் தச்சநல்லூரில் அண்ணாச்சியின் ஆபீஸ் மாடியில் உள்ள சர்வருக்கு அனுப்பும். சர்வர்தான் அதைப் பிரித்துப் படித்து மேப்பில் புள்ளி புள்ளியாக வைக்கும். சர்வர் பதில் சொல்லாவிட்டால் பெட்டி வந்ததையெல்லாம் தன் மெமரியில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று ஊரில் யாராலும் படிக்க முடியாது.

அந்தப் பெட்டியையும் மேப்பையும் ஊரில் பார்த்துக்கொள்பவள் ஜெசிந்தா. அவள் கணவன் சேவியருக்குச் சொந்த வள்ளம் உண்டு. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்ளும் பெண். நான் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான் பழக்கம்.

ஆயுத பூசையன்று மதியம் சாம்பாரை ஊற்றிச் சோற்றில் கை வைத்திருக்கிறேன், போன் வந்தது.

“யக்கா, மேப்பு காலையிலருந்தே வரல. நெட்டுதான் போயிட்டுன்னு நெனச்சேன். இப்ப அண்ணாச்சிக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்காவ.”

“சரி, நான் பாக்கேன். லீவு நாள்லா, தூங்குதாவளோ என்னமோ. ஏன், அவசரமா?”

“காத்து மாறிட்டுக்கா. மத்த வள்ளமெல்லாம் அடிச்சுப் பிடிச்சுக் கரைக்கு வந்துட்டு. எங்க வள்ளத்த மட்டும் காணல. வயர்லெஸ்ல கூப்பிட்டா சத்தமே இல்ல. அவரோட இன்னும் மூணு பேரு போயிருக்காவ.”

தட்டைத் தள்ளி வைத்தேன். “எந்தப் பக்கம் போனாவன்னாவது தெரியுமா?” என்றேன்.

“கிழக்கன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. ஆனா கிழக்க போனவங்க யாரும் அவரப் பாக்கவே இல்லங்காவ. புதுசா ஏதோ பார் கண்டுபிடிச்சிருக்காரு போல. பார் எங்கன்னு பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டாவளே!”

பார் என்றால் கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டு. ஒருவர் கண்டுபிடித்த பாரை இன்னொருவருக்குக் காட்டுவதில்லை. கிழக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெற்கே திரும்புவார்கள். இதற்காகவே, மேப்பில் அவரவர் வள்ளம் அவரவருக்கு மட்டும் தெரியும்படி செய்து தரச் சொன்னார்கள். நானும் செய்து கொடுத்திருந்தேன். எல்லாப் புள்ளிகளையும் பார்க்கும் அனுமதி ஜெசிந்தாவுக்கு மட்டும்தான்.

“தேடிப்போக ரெண்டு வள்ளம் ரெடியா நிக்கி. கடலோரக் காவலுக்கும் சொல்லியாச்சு. எல்லாரும் எங்கிட்ட ஒண்ணத்தான் கேக்காவ, எந்தப் பக்கம்னு. நான் என்னத்தச் சொல்ல?” அவள் குரல் உடைந்துவிட்டது. “இங்கன கரண்டும் இல்லக்கா. பெட்டி பேட்டரியில ஓடுது. பச்சை லைட்டு இப்ப மஞ்சளாயிட்டு.”

மஞ்சளுக்கு அடுத்து சிவப்பு. அதற்கடுத்து பெட்டி அணைந்துவிடும். அணைந்தால் மெமரியில் இருப்பதும் போய்விடும். காலையிலிருந்து சேவியரின் வள்ளம் எங்கெங்கே போனது என்பது முழுக்க அந்த மெமரியில் இருந்தது. பேட்டரியை மாற்றலாமே என்றால், அது பெட்டிக்குள்ளேயே கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. அந்தக் காற்றில் கம்பத்தில் ஆளை ஏற்ற முடியாது.

வீட்டிலிருந்தே சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. கையைக் கழுவினேனா, சேலையில் துடைத்தேனா என்றுகூட நினைவில்லை. பென்டிரைவ் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

சந்தனமும் குங்குமமும்

அண்ணாச்சிக்குக் கீழே வீடு, மாடியில் ஆபீஸ். வாசலில் வாழைக்கன்று கட்டி, மாவிலை தொங்கவிட்டு, ஊதுபத்தி வாசம் தெருவரைக்கும் வந்தது. அவர் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்தார். போன் சைலன்டில் கிடந்தது. எழுப்பி, அவர் சட்டை மாட்டுவதற்குள் நான் மாடிக்குப் போய்விட்டேன்.

சர்வர் ரூமில் எப்போதும் ஃபேன் இரைச்சல் காதை அடைக்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை. சர்வரின் முகம் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே பிச்சிப்பூச் சரம். மானிட்டருக்கும் ஒரு மாலை. முன்னால் இலையில் பொரியும் சுண்டலும்.

பின்னாலேயே அண்ணாச்சி வந்தார்.

“சர்வர் ஏன் அண்ணாச்சி ஓடாம நிக்கி?”

“நான்தாம்மா அணைச்சேன். வருசம் பூரா நிக்காம ஓடுதுல்லா, பாவம், ஒருநாளு ஓய்வு குடுப்போமேன்னு. நாளைக்கு மறுபூசை போட்டுட்டு எடுத்துருவேன். லீவு நாளுல யாரு மேப்பு பாக்கப் போறா?”

“யாருக்கு லீவு? உங்களுக்கும் எனக்கும் லீவு. கடக்கரையில இன்னைக்கு ஆயுத பூசையா? அவங்களுக்கு இது வேல நாளு. எல்லா வள்ளமும் கடலுக்குப் போச்சு.”

“அது... நான் அத நெனைக்கல...”

“ஆன் பண்ணுங்க.”

“பூசையில வச்சத மறுபூசைக்கு முந்தி எடுக்கப்பிடாதேம்மா வடிவு...”

“ஜெசிந்தா வீட்டுக்காரரு வள்ளத்தக் காணல. நாலு பேரு உள்ள இருக்காவ. எந்தப் பக்கம் தேடணும்னு அங்கன ஒருத்தருக்கும் தெரியல.”

மனிதர் முகம் செத்துப்போய்விட்டது. நல்ல மனிதர்தான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். “அய்யையோ, எடு, எடு” என்று பதறிக்கொண்டே ஒரு சூடத்தைக் கொளுத்தி, “தாயே, பொறுத்துக்கோ” என்று கும்பிட்டார். பிறகு பட்டனைத் தானே அழுத்தினார்.

ஃபேன் இரைந்தது. எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மானிட்டரில் வரிவரியாக ஓடியது. ஓடி, சட்டென்று நின்றது. கடைசி வரியில் கெர்னல் பானிக் என்று இருந்தது. டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு மெஷின் அப்படியே உறைந்துவிட்டது.

“என்னம்மா எழுதிருக்கு?”

“பயந்து நின்னுட்டேன்னு எழுதிருக்கு.”

“சாமிகுத்தமா இருக்குமோ?”

“சாமிக்கு வேற சோலி இல்லையா அண்ணாச்சி? செத்த நேரம் பேசாம இருங்க.”

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. பயத்தில் நாக்கு தடித்துவிட்டது.

விஷயம் இதுதான். மெஷின் எழும்போது முதலில் மெமரிக்கு வருவது கெர்னல். மற்றதெல்லாம் அதன் மேல்தான் ஓடும். அப்டேட்டுகளைத் தானாகப் போட்டுக்கொள்ளும்படி அந்த சர்வரில் வைத்திருந்தோம். பல மாதம் முன்பே புதிய கெர்னல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் ரீபூட் செய்யாதவரை பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். புதியது பெட்டியில் மடித்து வைத்த சட்டை மாதிரி. போட்டுப் பார்த்தால்தான் கிழிந்திருக்கிறதா என்று தெரியும். ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பார்த்துவிடுவோம் என்று நான் பலமுறை கேட்டாயிற்று. “ஓடுதத ஏம்மா நிறுத்தணும்? நிறுத்துன நேரத்துல வள்ளத்துக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா?” என்று தடுத்தவரும் இதே அண்ணாச்சிதான்.

பட்டியலில் பெயர், டிஸ்க்கில் ஆள் இல்லை

புதிய கெர்னல் எழவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. இது இந்தத் தொழிலின் முதல் பாடம். மெஷின் எழும்போது காட்டும் பூட் மெனுவில் பழைய கெர்னலின் பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நேற்றுவரை ஓடின மாதிரியே எழுந்துவிடும். பிறகு புதியதை நிதானமாகச் சரி செய்யலாம். நானும் அந்தத் தெம்பில்தான் மெஷினை மறுபடி தட்டி, மெனுவுக்குப் போனேன். பழைய கெர்னல்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒரு நம்பரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஃபைல் இல்லை என்றது.

அதற்கும் பழைய நம்பரைத் தேர்ந்தெடுத்தேன். அதுவும் இல்லை.

என் சர்வீஸில் கெர்னல் பானிக் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. அப்டேட் தானாக இப்படி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகாது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை அது தொடவே தொடாது. அப்படியென்றால் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறதோ? இன்னும் என்னென்ன போயிருக்கிறதோ? கம்பத்துப் பெட்டி அனுப்புவதைப் பிரித்துப் படிக்கும் கீ அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. அது போயிருந்தால், மெஷினை எழுப்பியும் பிரயோசனமில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“அண்ணாச்சி, இதுல யாராவது எதையாவது தொட்டாவளா? உண்மையச் சொல்லுங்க.”

“தொட்டாவளான்னா... பூசைக்கு முந்தி எல்லாத்தையும் துப்புரவு பண்ணனும்லா?”

“சரி?”

“ஆபீஸ ஒதுங்க வச்சேன். பழைய வயரு, ஓடாத பிரின்டரு, எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். சர்வர்லயும் இடம் இல்ல, இடம் இல்லன்னு செவப்பா எழுதி வந்துக்கிட்டே இருந்துச்சு. ‘பூட்’னு ஒரு இடத்துல பெருசு பெருசா ஃபைலு கெடந்துச்சா... நம்பர் கொறஞ்சதெல்லாம் பழசு தானன்னு...”

“அழிச்சிட்டிய?”

“ஒரே ஒரு புதுச மட்டும் வச்சுட்டு மத்ததெல்லாம் அழிச்சிட்டேன். அதுக்கப்புறமும் நல்லாத்தானம்மா ஓடிச்சு!”

“ஓடாம? அது ஏற்கெனவே மெமரிக்குள்ள இருந்துச்சு. நீங்க அணைக்கித வரைக்கும் ஓடத்தான் செய்யும். எதுல ஓடிக்கிட்டு இருந்துச்சோ அதையே குப்பைன்னு கூட்டித் தள்ளிட்டு, ஓய்வு எடுன்னு அணைச்சும் வச்சிருக்கியளே அண்ணாச்சி!”

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இன்னும் நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. அதற்குள் போன். ஜெசிந்தா.

“யக்கா, லைட்டு செவப்பாயிட்டு.”

பின்னால் காற்றின் இரைச்சலும், யாரோ பெண்கள் சத்தமாகச் செபம் சொல்வதும் கேட்டது.

“போன வைக்காத. அப்படியே வச்சிரு,” என்றேன்.

சாவிக்கொத்து

இனி செய்ததைப் பிள்ளைகள் கவனமாகப் படிக்கவும்.

பழைய கெர்னல் இல்லை. புதிய கெர்னல் இருக்கிறது, எழவில்லை. ஏன்? கெர்னல் மட்டும் வந்தால் போதாது. டிஸ்க்கைத் திறந்து உள்ளே போக அதற்குச் சில டிரைவர்கள் வேண்டும். அந்த டிரைவர்களை ஒரு சின்ன மூட்டையாகக் கட்டிப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். இனிட்ரேம்எஃப்எஸ் என்பது அதன் பெயர். நான் சாவிக்கொத்து என்பேன். அப்டேட் நடந்த சமயம், கெர்னல்களை வைக்கும் அந்த பூட் பகுதியில் இடம் இல்லை. அண்ணாச்சிக்குச் சிவப்பாக வந்த எச்சரிக்கை பொய் இல்லை. எனவே சாவிக்கொத்து பாதியோடு நின்றிருக்க வேண்டும். இது என் ஊகம். ஊகம் தப்பென்றால் என்னிடம் வேறு வழி கிடையாது.

பென்டிரைவில் எப்போதும் ஒரு லைவ் லினக்ஸ் வைத்திருப்பேன். அதிலிருந்து மெஷினை எழுப்பி, உள்ளே இருக்கும் டிஸ்க்கை வெளியிலிருந்து திறந்து பார்ப்பதற்கு. சொருகினேன். மெஷினுக்கு பென்டிரைவ் இருப்பதே தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் நுனியெல்லாம் சந்தனம். முன்பக்க ஓட்டைகள் அத்தனையிலும் அப்பி, காய்ந்து கிடக்கிறது.

“இதுக்கும் வச்சியளா பொட்டு?”

“அதுவும் மெஷினுதான...” என்றார் தரையிலிருந்து.

சேலை முந்தானையால் துடைத்து, சர்வரைத் திருப்பி, பின்பக்கத்தில் சொருகினேன். பிடித்தது. லைவ் லினக்ஸ் எழுந்தது.

டிஸ்க்கை முதலில் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தேன், அதாவது திறந்தேன். பயந்தவர்களுக்கு இதுதான் வழி. எழுதும் உரிமையோடு திறந்து, பதற்றத்தில் ஒரு எழுத்தை மாற்றித் தட்டினால் இருப்பதும் போகும். டேட்டாபேஸ் இருந்தது. கீ இருந்தது. மூச்சு வந்தது. பூட் பகுதியில் புதிய கெர்னல் முழுசாக இருந்தது. பக்கத்தில் சாவிக்கொத்து ஃபைல், இருக்க வேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை. என் ஊகம் சரி.

இப்போது எழுதும் உரிமையோடு மவுன்ட் செய்து, அந்த சிஸ்டத்துக்குள் நுழைந்தேன். அதற்கு சிரூட் என்று பெயர். சாவிக்கொத்தைப் புதிதாகக் கட்டச் சொல்லிக் கமாண்டு கொடுத்தேன். அப்படி ஒரு கெர்னலே இங்கே இல்லை என்று பதில் வந்தது.

அந்த வரியைத் திரும்பப் படித்தேன். அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. எப்போதும் கை பழகின கமாண்டு, ‘இப்போது ஓடும் கெர்னலுக்குக் கட்டு’ என்பது. இப்போது ஓடுவது பென்டிரைவின் கெர்னல் அல்லவா! சர்வரின் புதிய கெர்னல் நம்பரைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, வாயால் சொல்லிச் சொல்லித் தட்டினேன். விரல் வழுக்கியது, அவ்வளவு வியர்வை. என்டர்.

கட்டத் தொடங்கியது. இடம் போதும். அண்ணாச்சி பழசையெல்லாம் அழித்ததால் இப்போது தாராளமாக இடம் இருந்தது. அவர் செய்த துப்புரவில் விளைந்த ஒரே நன்மை அதுதான். அந்த நேரத்தில் அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசில்லை.

கட்டி முடித்தது. ஃபைலின் அளவைப் பார்த்தேன், முழு அளவு. பூட் மெனுவையும் புதிதாக எழுதவைத்தேன். வெளியே வந்தேன். பென்டிரைவை உருவினேன். ரீபூட்.

வரிகள் ஓடின. முன்பு நின்ற இடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பார்க்கத் தைரியம் இல்லை.

“வடிவு, லாகின்னு கேக்குதும்மா,” என்றார் அண்ணாச்சி. மெஷின் எழுந்துவிட்டது.

புள்ளிகள்

மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் வரவில்லை. கம்பத்துப் பெட்டி சும்மா சும்மா கூப்பிடாது. கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் சர்வரைத் தேடும். அந்த இடைவெளியில் பேட்டரி போய்விட்டால்?

“லைட்டு இருக்கா ஜெசிந்தா?”

“இருக்குக்கா. விட்டு விட்டு எரியுது.”

“தாயே,” என்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சாமிக்கு வேறு சோலி இல்லையா என்று கேட்டவள்தானே நான்!

முதல் புள்ளி வந்தது. கரையை ஒட்டி, விடிகாலைப் புள்ளி. அடுத்தது. அடுத்தது. பெட்டி வாங்கின வரிசையிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லா வள்ளங்களின் புள்ளிகளும் கலந்து வந்தன. மற்றதையெல்லாம் மறைத்துவிட்டு, சேவியரின் வள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் கிழக்கே போகிறது. ஊர்க் கண்ணிலிருந்து மறைந்ததும் ஒரே திருப்பாகத் தெற்கே திரும்புகிறது. அங்கிருந்து மேற்கே.

“ஜெசிந்தா, கிழக்க இல்ல. தென்மேக்க போயிருக்காவ. நல்லா உள்ள போயிருக்காவ.”

“எந்தப் பக்கம்? தென்மேக்கயா? ஏ, பொறுங்க, போயிராதிய, தென்மேக்கயாம்!” அவள் கரையைப் பார்த்துக் கத்துவது கேட்டது. ஒரு வள்ளத்தை ஏற்கெனவே கிழக்கே பார்த்து இறக்கியிருந்தார்களாம். அதை மறித்து நிறுத்தினார்கள்.

புள்ளிகள் ஓரிடத்தில் வெகுநேரம் குவிந்தன. அதுதான் அந்தப் பார். பிறகு கரையை நோக்கி வேகமாக வந்தன. பிறகு வேகம் போய்விட்டது. ஒன்றோடொன்று ஒட்டி, கரைக்கு வராமல், மேற்கே சரிந்து சரிந்து போயின. எஞ்சின் நின்றுவிட்டது என்று கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே புரிந்தது. தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு புள்ளியும் கடலில் எங்கே என்று காட்டும் எண்ணை நான் வாசிக்க வாசிக்க, ஜெசிந்தா அதைத் திருப்பிச் சொன்னாள். அவள் குரலில் அழுகை இல்லை. எண்ணில் பிசகு வந்துவிடக் கூடாது என்று அழுகையை அடக்கி வைத்திருந்தாள்.

ஒரு புள்ளி வந்தது. அடுத்தது வரவில்லை.

“யக்கா, லைட்டு அணைஞ்சிட்டு.”

அதுதான் எனக்கு மிகப் பெரிய பயம். அது வள்ளத்தின் கடைசிப் புள்ளியா, அல்லது பெட்டி செத்ததால் அனுப்ப முடிந்த கடைசிப் புள்ளியா? இன்னும் எத்தனை புள்ளி அதோடு அழிந்ததோ? அந்தப் புள்ளியை வள்ளம் அனுப்பிய நேரத்துக்கும் இப்போதைக்கும் நடுவில் வெகுநேரம் ஓடிவிட்டிருந்தது. நான் அதை மறைக்காமல் சொன்னேன். “இதுதான் கடைசின்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது ஜெசிந்தா.”

அங்கே ஒரு ஆண் குரல் போனை வாங்கியது. தேடப்போகும் வள்ளத்துக்காரர். “எங்களுக்கு இது போதும் தங்கச்சி. நீவாடு மேக்க இழுக்கு. அந்த இடத்துக்குப் போயிட்டு அங்கருந்து மேக்கயே பாத்துக்கிட்டுப் போறோம்.” நீவாடு என்றால் கடல் நீரோட்டம். ரேடியோவும் மேப்பும் முடிந்த இடத்திலிருந்து இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று புரிந்தது. எனக்கு அதற்குமேல் ஒரு வேலையும் இல்லை.

வேலை இல்லாமல் பயப்படுவது, வேலையோடு பயப்படுவதைவிடக் கொடுமை. அண்ணாச்சி மானிட்டரில் கிடந்த மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நாலு குடும்பம்மா,” என்றார். “நாலு குடும்பம்.” அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆறுதல் சொல்லவில்லை. என்ன சொல்வது? ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்?

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தபோது போன் அடித்தது.

“கண்டாச்சுக்கா! கண்டாச்சு! வயர்லெஸ்ல சொல்லிட்டாவ. வள்ளம் பாதி முங்கிக் கெடக்காம். நாலு பேரும் அதப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்காவ. நாலு பேரும் இருக்காவக்கா!”

அண்ணாச்சி சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை

அடுத்த வாரம் அண்ணாச்சியும் நானும் அந்த ஊருக்குப் போனோம். கம்பத்துப் பெட்டிக்குக் கீழே நின்றே மாற்றும்படி ஒரு பேட்டரி வைப்பது என் வேலை. மன்னிப்புக் கேட்பது அவர் வேலை. கையில் ஒரு பை நிறையப் பழம்.

சேவியர் தோளில் கட்டோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “ஏன்க்கா, அந்தப் பார் இருக்க இடத்த அன்னைக்கு வேற எவனும் பாத்துரலயே?” ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். “செத்துப் பொழச்சு வந்திருக்கு, பாரப் பத்திக் கேக்குது பாரு!” ஊர் முழுக்கத் தெரிந்துபோயிருக்கும், அது அவருக்கும் தெரியும். எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

“எம்மேல கோவம் இல்லையாம்மா?” என்றார் ஜெசிந்தாவிடம்.

டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“இருக்கு அண்ணாச்சி. இல்லன்னு சொன்னா பொய்யி. நீங்க பொட்டு வச்சு, பூ வச்சு, ஓய்வு குடுத்தியளே, அது உங்க ஆயுதம்னுதான குடுத்திய? அது எங்க ஆளுகளோட உசுருல்லா?”

அண்ணாச்சி டீயைக் குடிக்கவே இல்லை.

“ஓய்வு குடுக்க வேண்டாம்னு நான் சொல்லல,” என்றாள் அவள். “ஞாயித்துக்கிழம குடுங்க. அன்னைக்கு நாங்க யாரும் கடலுக்குப் போமாட்டோம். எல்லாரும் கோயில்ல இருப்போம்.”

இத்தனை வருடம் அந்த சர்வரைப் பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. ரீபூட்டுக்கு எப்போதும் நம் லீவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களுடைய லீவு எது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தொழில் பாடம் சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவுதான். ரீபூட் பண்ணிப் பார்க்காத கெர்னல் அப்கிரேடை முடிந்த வேலை என்று நினைக்காதீர்கள். பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்று அப்டேட்டுக்கு முன்னால் பாருங்கள். எழுந்து நடமாடிக் காட்டிய பழைய கெர்னல் ஒன்றை எப்போதும் விட்டுவையுங்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நிறுத்துவதற்கு முன்னால் அதை நம்பி இருப்பவர்களைக் கேளுங்கள் என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது அந்த சர்வருக்கு அப்கிரேட் எல்லாம் ஞாயிறு காலையில்தான். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஜெசிந்தா அங்கிருந்து நேரே கரைக்குப் போவாள். ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்துவிட்டுப் போனில் சொல்வாள்: “எல்லாம் கரையில இருக்குக்கா. இப்ப அணைங்க.” நான் ரீபூட் என்று தட்டி என்டரை அழுத்துவேன். அவள் போனை வைக்க மாட்டாள். வரிகள் ஓடி, லாகின் வந்து, “வந்துட்டு ஜெசிந்தா” என்று நான் சொல்லும்வரைக்கும், கடலில் ஒருவர்கூட இல்லாத அந்த நாளிலும், இரண்டு பேரும் பயந்துகொண்டுதான் இருப்போம்.